வருடத்துக்கு நான்கு முறை மேடையேறுகிறவருக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்துவிட்ட பழைய வேலூர் மாவட்டத்தில் ஒரு சேகரத்தை, அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பை, எடுத்துக்கொள்வோம். தலைமைச் சபை ஒன்று, கிராம சபைகள் எட்டு, ஆயர் ஒருவர், குருப்பட்டம் இல்லாமல் அவருக்கு உதவும் உபதேசியார் மூவர். மாதத்துக்கு நான்கு ஞாயிறு என்றால் கிராமங்களில் மட்டும் 32 ஆராதனைகள். ஆயர் காலையில் தலைமைச் சபையை முடித்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு, மதியம் ஒரு கிராமம் மாலை ஒரு கிராமம் என்று ஓடினாலும் மாதத்தில் எட்டுதான் தேறும். ஒரு கிராமத்துக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு. அது அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு. உபதேசியார் மூவரும் ஞாயிறுதோறும் ஆளுக்கொரு கிராமம் போனால் 12. மீதி 12 ஆராதனைகளில் பிரசங்கம் செய்வது யார்?

பெரும்பாலும் அன்றைக்குக் கையில் அகப்பட்டவர்தான். ஓய்வுபெற்ற வாத்தியார் இருந்தால் அவர். இல்லையென்றால் கமிட்டியில் குரல் பெரிதாக உள்ளவர். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, "நாளைக்கு நீங்க செய்தி கொடுத்துடுங்க" என்று போன் வரும். கேட்டவரும் தட்ட முடியாமல் ஒப்புக்கொள்வார், யூடியூபைத் திறப்பார்.

மாதம் 12 என்றால் வருடத்துக்கு 144. ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்தால் 36 பேர் வேண்டும். ஒன்பது சபைக்கும் ஆளுக்கு நான்கு பேர். கேட்க மலைப்பாக இருந்தாலும் எட்டாத எண் அல்ல. எந்தச் சபையிலும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், பெண்கள் ஐக்கியச் செயலாளர், வாலிபர் சங்கத்தில் ஒருவர், வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர் என்று நால்வர் இருப்பார்கள். குறை ஆளில் அல்ல, பழக்குவதில்.

இந்தப் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் தொடங்கிய ஆற்காட்டு மிஷன், தமிழில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டது. பிறகு கிராமங்களில் சபைகள் எழுந்தபோது அவற்றைத் தாங்கியவர்கள் குருப்பட்டம் பெற்றவர்கள் அல்ல. வாரநாளில் பள்ளிக்கூட வாத்தியாராகவும் ஞாயிற்றுக்கிழமை உபதேசியாராகவும் இருந்தவர்களே தாங்கினார்கள். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்று மரபுகள் ஒன்றுசேர்ந்தன. மெதடிஸ்ட் மரபில் சாதாரண சபையார் பிரசங்கிப்பது அன்றாட வழக்கம். அதில் ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள வேலூர்ப் பேராயம் தனியாக ஆனது 1976-இல். இன்றும் இறைமக்கள் ஞாயிறு, பெண்கள் ஞாயிறு, வாலிபர் ஞாயிறு என்று ஆராதனை நாட்காட்டியே சபையாருக்கு இடம் ஒதுக்கிவைத்திருக்கிறது. அந்த நாட்களில் மேடையேறுகிறவருக்கு முன்கூட்டி ஒரு மணி நேரமாவது யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

எல்லாச் சபைக்கும் ஒரே சட்டம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கர்களுக்கு 1983-ஆம் வருடத் திருச்சபைச் சட்டத்தின் 766-ஆம் விதி, தேவை இருந்தால் குருப்பட்டம் இல்லாத பொதுநிலையினர் ஆலயத்தில் போதிக்க வழி விடுகிறது. அடுத்த 767-ஆம் விதி, திருப்பலியில் ஆற்றும் பிரசங்கமான மறையுரையைக் குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே வைத்திருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபைகளுக்கு 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை இருக்கிறது: முறையாக அழைக்கப்படாமல் எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கக் கூடாது என்கிறது அதன் 14-ஆம் பிரிவு. அப்படிப்பட்ட இடத்தில், ஆயர் எழுதித் தந்த பிரசங்கத்தைத் திருத்தமாக வாசிக்கப் பழக்குவதே நல்ல தொடக்கம். எந்தச் சபையானாலும் ஆயரும் பேராயமும் அனுமதி தந்த பிறகுதான் ஒருவர் பெயரை அட்டவணையில் எழுத வேண்டும். கமிட்டி தானாக எழுதினால் வம்பு.

ஒரு சின்ன இலக்கணமும் இங்கே உண்டு. குருப்பட்டம் இல்லாதவர் ஆராதனையை முடிக்கும்போது "உங்கள் அனைவரோடும்" என்று கை உயர்த்தி ஆசீர் கூறுவதில்லை. "நம் அனைவரோடும்" என்று சபையோடு சேர்ந்து வேண்டிக்கொள்கிறார். பாவமன்னிப்பு கூறும் இடத்திலும் அப்படியே. பதற்றத்தில் சிலர் "எங்கள் அனைவரோடும்" என்று சொல்லிவிடுவார்கள். தமிழில் அது கேட்கிறவரை வெளியே தள்ளும் சொல். அச்சிட்ட புத்தகத்தில் "உங்கள்" என்று இருப்பதால் கண் அதைத்தான் வாசிக்கும். முதல் நாளே பென்சிலால் அடித்து "நம்" என்று மேலே எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

எப்போதாவது பேசுகிறவரின் நோய்

வாராவாரம் பிரசங்கிக்கிற ஆயருக்கு வருகிற ஆபத்து, சொல்ல விஷயம் தீர்ந்துபோவது. வருடத்துக்கு நான்கு முறை ஏறுகிறவருக்கு இதற்கு நேர்மாறு. மூன்று மாதமாகச் சேர்த்துவைத்ததை எல்லாம் ஒரே நாளில் கொட்டிவிடப் பார்ப்பார். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தலில் முடிப்பார். நடுவே தன் மகளுக்குச் சுகம் கிடைத்த சாட்சி வரும், செல்போனால் கெட்டுப்போகும் பிள்ளைகள் வருவார்கள், இருபது வசனம் வரும். நாற்பது நிமிடம் கழித்து அவரே களைத்து இறங்குவார். பக்தியிலோ படிப்பிலோ குறை இருந்து இது நடப்பதில்லை. அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று தெரியாததால் நடக்கிறது.

ஆகவே பயிற்சியின் முதல் மருந்து அட்டவணை. அடுத்த முறை எந்தத் தேதி, எந்தக் கிராமம் என்று மூன்று மாதம் முன்பே கையில் கொடுத்துவிட்டால் பாதி நோய் குறையும். இரண்டாவது, நேர வரம்பு: முதல் வருடம் 12 நிமிடம், அதற்கு மேல் கிடையாது. மேடைத் தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் போகும். 12 நிமிடம் என்பது ஏறக்குறைய 1,100 சொற்கள். அவரவர் கையெழுத்தைப் பொறுத்து ஃபுல்ஸ்கேப் தாளில் நாலைந்து பக்கம். ஒரு பக்கத்தைக் கடிகாரம் வைத்து உரக்க வாசித்துப் பார்த்தால் தன் கணக்கு தனக்கே தெரிந்துவிடும்.

படிப்படியாக ஏற்றுவது

ஒரு குழுவுக்கு ஆறு முதல் எட்டுப் பேர். அதற்கு மேல் சேர்த்தால் எல்லோரும் பேசிப் பார்க்க நேரம் இருக்காது. சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், 12 வாரம். ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்க்கிறவர்களும் இருந்தால் எல்லா வாரமும் வர முடியாது. 12-இல் ஒன்பது வந்தால் போதும் என்று முதலிலேயே பேசிவைத்துவிட வேண்டும்.

முதல் நான்கு வாரம் யாரும் பிரசங்கிப்பதில்லை; வேதம் வாசிக்கிறார்கள். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கும். ஆனால் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுகிற பழைய திருப்புதல் என்ற மொழிபெயர்ப்பின் தமிழ், ஹென்றி பவர் என்பவர் தலைமையிலான குழு 1871-இல் முடித்தது. வாக்கியம் நான்கு வரிக்கு நீளும், எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் வாசித்தால் பொருளே புரண்டுவிடும். வாசிக்கப்போகும் பகுதியை நகல் எடுத்து, மூச்சு விடும் இடத்தில் ஒரு கோடு, நின்று போகும் இடத்தில் இரண்டு கோடு போடச் சொல்லுங்கள். நேபுகாத்நேச்சார், மெல்கிசேதேக்கு போன்ற பெயர்களைத் தனியாகப் பத்து முறை சொல்லிப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர்களே பாடங்களை வாசிக்கட்டும். ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவருக்குப் பிரசங்கம் பாதி வந்தமாதிரி, ஏனென்றால் எந்தச் சொல்லில் அழுத்தம் விழ வேண்டும் என்று யோசிக்கும்போதே பொருளைத் தேடத் தொடங்கிவிடுகிறார்.

ஐந்தாம் வாரத்திலிருந்து, யாராவது ஒருவர் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஐந்து நிமிடம். எட்டாம் வாரத்துக்குப் பிறகு பயிற்சிக் குழு முன்னால் பத்து நிமிடம். கடைசியில்தான் கிராம சபை. அதுவும் சொந்தச் சபையில் வேண்டாம். சொந்தச் சபையில் முன் வரிசையில் மாமியார் உட்கார்ந்திருப்பார், பின் வரிசையில் பங்காளி. பக்கத்துக் கிராமத்துக்கு அனுப்புங்கள், பஸ் கட்டணத்தைச் சேகரக் கணக்கிலிருந்து கொடுங்கள். சின்னத் தொகைதான், ஆனால் கூலிக்குப் போகிறவர் கேட்கக் கூச்சப்பட்டு இரண்டாம் முறை வராமலே நின்றுவிடுவார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களை ஒதுக்கிவிடக் கூடாது. குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றுகிற அக்காக்கள் பலர் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்களுக்குப் பாடத்தை வேறொருவர் வாசிக்கலாம். வேதாகம ஒலிப்பதிவைப் போனில் போட்டு, கை பீடித் தட்டில் ஓடும்போதே பத்து முறை கேட்கலாம். தாளில் எழுதுவதற்குப் பதில் பிரசங்கத்தின் மூன்று படிகளை விரல் மடக்கி நினைவில் வைத்துக்கொள்ளலாம். தாள் வைத்திருப்பவரைவிட இவர்களிடம் நேரம் தப்பாமல் இருப்பதையும் பார்க்கலாம்.

இறையியல் படிக்க விரும்புகிறவருக்கு வேறு வழிகள் உண்டு. 1971-இல் பெங்களூரில் தொடங்கிய டாஃப்டீ போன்ற தொலைவழிக் கல்வியில் தமிழிலும் பாடங்கள் கிடைக்கின்றன. நல்லது, படிக்கட்டும். ஆனால் மைக் முன்னால் நிற்பதைத் தபாலில் கற்க முடியாது.

ஒரு பகுதியை எப்படி உடைப்பது

மத்தேயு 20:1–16, திராட்சத்தோட்டத்து வேலையாட்கள். பயிற்சிக்கு இதைவிட நல்ல பகுதி இந்த மாவட்டத்தில் கிடைக்காது. காலை ஆறரைக்கு முச்சந்தியில் தூக்குச்சட்டியோடு நின்று, மேஸ்திரி வருவாரா என்று பார்க்கிற கொத்தனாரும் சித்தாளும் பல சபைகளில் இருக்கிறார்கள். குருத்துவக் கல்லூரியில் படித்தவருக்குத் தெரியாத ஒன்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் நாள் வாசிப்பது மட்டும், மூன்று முறை. இரண்டாம் நாள் முன்னும் பின்னும் உள்ள அதிகாரம். அங்கேதான் 19:27-இல் பேதுரு, எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார் என்று தெரியவரும். உவமை அந்தக் கேள்விக்குப் பதில். முந்தினோர் பிந்தினோர் என்ற வாக்கு 19:30-இலும் 20:16-இலும் வந்து இரண்டு பக்கமும் வேலி போடுவதும் கண்ணில் படும். அதிகாரப் பிரிவை மனிதர்கள் பிறகுதான் போட்டார்கள் என்று இங்கே ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.

மூன்றாம் நாள் எண்ணுவது. எஜமான் எத்தனை முறை கடைத்தெருவுக்குப் போகிறார்? அதிகாலை, மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, பதினோராம் மணி: ஐந்து முறை. நம் கடிகாரத்தில் காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மாலை மூன்று, ஐந்து. இன்னொன்று: எட்டாம் வசனத்தில் அவருக்கு ஒரு காரியக்காரன் இருப்பது தெரிகிறது. கூலி கொடுக்க ஆளை வைத்திருப்பவர், கூப்பிட மட்டும் ஐந்து முறையும் தானே போகிறார். மேஸ்திரியை அனுப்பாமல் வீட்டுக்காரரே முச்சந்திக்கு வந்தால் அது என்ன என்று சித்தாளிடம் கேட்டுப் பாருங்கள். பிரசங்கம் அங்கே பிறக்கும்.

நான்காம் நாள் சொல். பழைய திருப்புதலில் கூலி "ஒரு பணம்". 1995-இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "தெனாரியம்". ஒரு நாள் கூலி என்று சொன்னால் போதும். அதை ரூபாயாக மாற்றிச் சொன்னால் சபை உடனே விலைவாசிக்குப் போய்விடும். ஆனால் 15-ஆம் வசனத்தில் நிற்க வேண்டும். பழைய திருப்புதல் "நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்கிறது, திருவிவிலியம் பொறாமையா என்று கேட்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது "உன் கண் பொல்லாததா" என்ற வழக்கு. பலர் இதைக் கண்ணேறு என்று எடுத்துக்கொண்டு திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் போய்விடுவார்கள். அது வழி தவறுவது. வள்ளுவர் ஈகை அதிகாரத்தில், கொடுத்து மகிழும் இன்பம் அறியாமல் சேர்த்துவைத்து இழப்பவர்களை "வன்கணவர்" என்கிறார் (குறள் 228). மற்றவனுக்குக் கிடைத்ததைப் பார்த்து இறுகிப்போகிற கண் என்று சொன்னால் எல்லோருக்கும் பிடிபடும்.

ஐந்தாம் நாள் ஒரே ஒரு வாக்கியம். பிரசங்கம் முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும், 12 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. உதாரணமாக: "யாரும் கூப்பிடாதவனைக் கூப்பிட எஜமான் ஐந்தாம் முறையும் தானே வருகிறார்." இந்த வாக்கியத்தைத் தாங்காத எதையும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வெட்டிவிட வேண்டும். வெட்டியதைக் கிழித்துப் போடாமல் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த காலாண்டுக்கு ஆகும். வெட்ட மனம் வராதவர்களுக்கு இந்த ஆறுதல் வேலை செய்கிறது.

ஆறாம் நாள் எழுதுவது, ஏழாம் நாள் உரக்க வாசித்துக் குறைப்பது. இந்தப் பகுதியில் அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று: ஐந்து மணிக்கு வந்தவர்களைச் சோம்பேறிகளாக்குவது. "ஏன் சும்மா நிற்கிறீர்கள்" என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாலிபர்களைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள். ஏழாம் வசனத்தில் அவர்களே பதில் சொல்லிவிட்டார்கள்: யாரும் எங்களுக்கு வேலை தரவில்லை. மாலை ஐந்து வரை நின்றவன் சோம்பேறி அல்ல. சோம்பேறி பத்து மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பான்.

எங்கே சறுக்குகிறது

தொடக்கத்திலேயே சறுக்கும். "நான் படிக்காதவன், தகுதியில்லாதவன், ஐயர் (ஆயர்) சொன்னதால் நிற்கிறேன்" என்று மூன்று நிமிடம். சபைக்கு அது தாழ்மையாகத் தெரியாது, நேர விரயமாகத் தெரியும். முதல் வாக்கியம் வேதப் பகுதியிலிருந்தே வரட்டும்: "காலையில் ஆறு மணிக்கு ஒரு எஜமான் கடைத்தெருவுக்குப் போனார்." முதல் மூன்று வாக்கியத்தையும் கடைசி மூன்று வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துவிட்டால் நடுவில் தாளைப் பார்ப்பது குறையே இல்லை. முடிவைத் தீர்மானிக்காமல் ஏறியவருக்கு இறங்கத் தெரியாது. "கடைசியாக" என்று நான்கு முறை சொல்வார்.

அடுத்தது சாடைப் பேச்சு. சேகரக் கமிட்டித் தேர்தல் நெருங்கும்போது, யூதாஸ் என்ற பெயரைச் சொல்லாமலே யாரை யூதாஸ் என்கிறார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். இதற்கு விதி வைத்துவிடுவது நல்லது: தேர்தலில் நிற்கிறவருக்கு அந்த மூன்று மாதம் மேடை இல்லை. கசப்பாக இருக்கும், இருந்தாலும் வேண்டும். சாதிப் பெயர், குடும்பச் சண்டை, ஜெபத்தில் சேர்த்துச் சொல்கிற நோயாளியின் அந்தரங்கம் எல்லாம் இதே கணக்கு.

"நீங்கள்" என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். "நீங்கள் ஜெபிப்பதில்லை, நீங்கள் கொடுப்பதில்லை" என்று ஒரு பக்கத்தில் ஆறு முறை வந்தால் தாளைத் திருப்பிக் கொடுங்கள். நாளைக்கு அதே தெருவில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கப்போகிறவர் அவர். "நாம்" என்பதுதான் அவருக்கு உரிய சொல். சபைத் தமிழும் இப்படித்தான்: கிருபை, இரட்சிப்பு, நீதிமான் என்பவை வேதத்தின் சொற்கள், விடக் கூடாது, ஆனால் வாக்கியத்தின் மற்ற சொற்கள் வீட்டில் பேசுகிறவையாக இருக்கட்டும். யூடியூப் போதகரின் இழுவையையும் மூக்கொலியையும் அப்படியே பிடித்துவருகிறவர்களுக்கு, அவர்கள் திண்ணையில் பேசுவதைப் போனில் பதிவுசெய்து போட்டுக் காட்டினால் வித்தியாசம் தானே உறைக்கும்.

மைக் வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றே கீழே. உயரத்தை ஆராதனைக்கு முன்பே சரிசெய்ய வேண்டும்; முன்னால் நின்றவர் ஆறடி, இவர் ஐந்தடி என்றால் முதல் நிமிடம் கீச்சென்ற சத்தத்தில் போகும். விரலால் தட்டிப் பார்க்க வேண்டாம். கரண்டு போகும் ஊர்களில், மைக் இல்லாமல் பின் வரிசைக்குக் கேட்கும்படி பேசவும் ஒரு வாரம் பழக்க வேண்டும்: கத்தாமல், வேகத்தைக் குறைத்து, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், அதை விழுங்கினால் செய்தாரா செய்யவில்லையா என்பதே கேட்காது.

பிறகு

ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் விமர்சனம் கூடாது. அன்றைக்குக் கை குலுக்குவது மட்டும். செவ்வாய்க்கிழமை ஒரே ஒருவர் உட்கார்ந்து மூன்று விஷயம் பேசினால் போதும்: மனதில் நின்றது எது, எங்கே கவனம் சிதறியது, எதை வெட்டியிருக்கலாம். "அண்ணா, அந்த ஐந்து மணிக்காரன் இன்னும் மனசுலயே நிக்கிறான், ஆனா நடுவுல யோனா எதுக்கு வந்தாருன்னு தெரியல" என்று சொன்னால் அடுத்த முறை யோனா வரமாட்டார். ஐந்து பேர் சேர்ந்து சொன்னால் ஆளே வரமாட்டார்.

ஒவ்வொரு கிராம ஆலயத்து அலமாரியிலும் காணிக்கை நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். தேதி, பிரசங்கித்தவர், வேதப் பகுதி, அந்த ஒரே வாக்கியம், எத்தனை நிமிடம் என்று ஐந்து கட்டம். அடுத்த வாரம் வருகிறவர் புறப்படும் முன் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்த நோட்டு இல்லாத சபையில் பன்னிரண்டு பேர் மாறி மாறி வந்தாலும் சங்கீதம் 23 வருடத்தில் ஐந்து முறை வந்துவிடும். ஆபகூக் என்ற சிறிய புத்தகம் ஒரு முறைகூட வராது.